உத்தரத்திலிருந்து ஆட்டப் பலகைக்கு: வரைபடத்தை ஒளியால் விரிக்கும் வழி

நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, சிறு பொம்மைகளை நகர்த்தி ஆடும் சாகச ஆட்டங்களுக்கு வரைபடம்தான் களம். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வழியில் வந்த பல ஆட்டங்களில் வரைபடத்தின் ஒரு கட்டம் ஓர் அங்குலம். ஆட்ட உலகில் அது 5 அடி. காகிதத்தில் அச்சிட்டால் ஒரு கோட்டைக்கே பல தாள்களை ஒட்டிச் சேர்க்க வேண்டும். அடுத்த காட்சி காட்டுக்குள் நடந்தால் மறுபடியும் ஒட்ட வேண்டும். வரைபடத்தைப் புரொஜெக்டரால் மேலிருந்து விழவைத்தாலோ, டிவியைப் படுக்கவைத்து அதன்மேல் ஆடினாலோ நொடியில் களம் மாறும்.

வாங்கப்போகிறவர்கள் முதலில் பார்ப்பது வெளிச்சம் எத்தனை லூமென் என்பதை. அதைவிட முக்கியம், ஒளி எந்த உயரத்திலிருந்து, எந்தச் சாய்வில் வருகிறது என்பது. குறைந்த வெளிச்சத்தை விளக்கை அணைத்துச் சமாளித்துவிடலாம். தவறான கோணத்தைச் சமாளிக்க முடியாது. காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளில் இந்த உயரக் கணக்கு இன்னும் கவனமாகப் போட வேண்டிய ஒன்று.

உயரக் கணக்கு

புரொஜெக்டரின் விவரக் குறிப்பில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். லென்ஸுக்கும் படம் விழும் பரப்புக்கும் இடையிலான தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண் அது. சாதாரண அலுவலக புரொஜெக்டரில் இது 1.5ஐ ஒட்டி இருக்கும். 1.2 மீட்டர் அகலப் படம் வேண்டுமானால் 1.2 × 1.5 = 1.8 மீட்டர் தூரம் தேவை. 16:9 விகிதத்தில் அந்தப் படத்தின் உயரம் 67.5 செ.மீ. அங்குலக் கட்டத்தில் சொன்னால் 47க்கு 26.

இதில் என்ன அடங்கும் என்று பார்க்க, ஒரு செட்டிநாட்டு வீட்டையே ஆட்டக் களமாக எடுத்துக்கொள்வோம். தெருவுக்குத் தெரு நீளும் வீடு, 150 அடி நீளம், 60 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் வரைபடத்தில் அது 30 கட்டம், 12 கட்டம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே படத்தில் அடங்கி, தெருவைக் காட்டவும் இடம் மிஞ்சும்.

மேசை 75 செ.மீ. உயரம் என்றால் லென்ஸ் தரையிலிருந்து 2.55 மீட்டரில் இருக்க வேண்டும். 10 அடி உயரக் கான்கிரீட் வீட்டில் கூரையிலிருந்து அரை மீட்டர் கீழே பொருத்தினால் கணக்கு சரியாகிவிடும். 14 அடி உயரத்தில் தேக்கு உத்தரம் ஓடும் கூடத்தில் உத்தரத்தை ஒட்டி மாட்டினால் படம் 2.3 மீட்டர் அகலத்துக்கு விரிந்து மேசையைத் தாண்டித் தரையில் வழியும். அதைத் தவிர்க்க நீண்ட குழாய் போட்டுத் தொங்கவிட்டால் அது ஆடும். புரொஜெக்டர் 0.1 டிகிரி அசைந்தாலே 2 மீட்டர் கீழே படம் 3.5 மி.மீ. நகரும், பக்கத்தில் மின்விசிறி சுழன்றால் வரைபடம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். விசிறியின் இறக்கை ஒளிப்பாதையில் குறுக்கிட்டால் படம் சிமிட்டும். அந்த இடத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு மேசை விசிறி வைப்பதே வழி.

உயரமான கூடத்துக்குத் தரையில் நிற்கும் சட்டம்தான் பொருத்தம். ஓர் அங்குல ஜி.ஐ. குழாயில் இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் குழாய், கால்களின் அடிச்சட்டத்தில் மணல் மூட்டை. கால்களுக்கு ரப்பர் குமிழ் கட்டாயம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இரும்பு உரசினால் கோடு விழும். பர்மா தேக்கில் துளை போடும் எண்ணமே வேண்டாம். உத்தரத்தில் மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப்பும், அது நழுவினாலும் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு சங்கிலியும் போடுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் இரண்டு மூன்று கிலோ தொங்குகிறது.

பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, 30 செ.மீ. உயரப் பலகையில் ஆடினால் லென்ஸ் 2.1 மீட்டரில் இருந்தால் போதும். சட்டம் சிறிதாகும், அதன் அசைவும் குறையும். உட்கார்ந்தவரின் தலை பலகைக்கு மேல் அரை மீட்டர் போலத்தான் இருக்கும். அந்த உயரத்தில் ஒளிக்கற்றை குறுகியிருப்பதால், படத்தின் விளிம்புக்குள் ஒரு சாண் அளவு குனிந்தால்தான் தலை நிழல் விழும். இந்த வீடுகளுக்கு இதுவே நல்ல அமைப்பு.

நேர் கீழே நோக்கி

அலுவலக புரொஜெக்டரில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. மேசையில் வைத்துச் சுவரில் காட்டும்போது கீழ்ப்பகுதி மறையாமல் இருக்க, படம் லென்ஸுக்கு நேராக விழாமல் சற்று மேலே விழும்படி அமைத்திருப்பார்கள். அதையே கீழ்நோக்கித் திருப்பினால் படம் ஒரு பக்கமாகத் தள்ளி விழும். அதனால் புரொஜெக்டரைப் பலகையின் நடுவுக்கு மேலே மாட்டாமல், ஒரு நீளப் பக்கத்தின் விளிம்புக்கு மேலே மாட்ட வேண்டும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைச் சுவரில் காட்டி அளந்துகொண்டு பிறகு குழாயை வெட்டுங்கள்.

படத்தை நடுவுக்குக் கொண்டுவர புரொஜெக்டரைச் சாய்த்தால் சதுரம் சரிவகமாகிவிடும். கீஸ்டோன் பொத்தான் அதை நிமிர்த்துவதுபோலத் தெரியும். உண்மையில் அது பிக்சல்களைச் சுருக்கி, ஓரத்தில் உள்ளவற்றை வீணாக்குகிறது. முழு எச்டி புரொஜெக்டரில் 1.2 மீட்டர் அகலத்துக்கு 1,920 பிக்சல், அதாவது ஒரு கட்டத்துக்குச் சுமார் 40 பிக்சல்தான் கிடைக்கிறது. அதிலும் குறைத்தால் கட்டக் கோடுகள் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் அலையலையாகத் தெரியும். சாய்ந்த லென்ஸில் ஒரு ஓரம் கூர்மையாக இருக்கும்போது எதிர் ஓரம் மங்குவதும் உண்டு. கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, கருவியையே நேராக்குங்கள்.

எல்லாக் கருவியும் கீழ்நோக்கி இயங்காது. பழைய வகை பாதரச விளக்கு வைத்தவை பலவற்றில் செங்குத்தாகத் திருப்பக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும்; விளக்கைச் சுற்றி வெப்பம் வெளியேறும் பாதை மாறி, அதன் ஆயுள் குறையும். எல்இடி, லேசர் வகைகளில் பல எந்தத் திசையிலும் இயங்கும். வாங்குமுன் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. படுக்கையாக வைத்து 45 டிகிரிக் கண்ணாடியால் ஒளியைக் கீழே திருப்பலாம். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி உதவாது. அதன் ரசப்பூச்சு பின்பக்கம் இருப்பதால் முன்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பும், 3 மி.மீ. கண்ணாடியில் 2 மி.மீ. தள்ளி மங்கலான இரண்டாவது படம் தெரியும். ரசம் முன்பக்கத்தில் பூசிய கண்ணாடி வேண்டும். கண்ணாடியில் பட்ட படம் இடவலமாக மாறும் என்பதால் மெனுவில் 'ரியர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொருத்தியபின் சரிபார்க்க ஆசாரி வைத்திருக்கும் சாமான்களே போதும். ரசமட்டத்தால் பலகையை மட்டமாக்குங்கள். லென்ஸிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது பலகையில் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கட்டம் போட்ட படத்தைக் காட்டி, 10 கட்டத்தை அளந்தால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 254 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டத்தையும், எதிரெதிர்ப் பக்கங்களையும் நூல் பிடித்து அளவெடுங்கள். மூலைவிட்டங்களோ எதிரெதிர்ப் பக்கங்களோ ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டால் கருவி சாய்ந்திருக்கிறது. சமமாக இருந்து 10 கட்டம் மட்டும் கூடக்குறைய இருந்தால் ஜூமையோ மென்பொருளில் அளவையோ திருத்தினால் போதும்.

பொம்மையின் நிழல்

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 30 மி.மீ. உயரப் பொம்மை ஒன்றே காட்டிவிடும். ஒளி 1.8 மீட்டர் மேலிருந்து வருகிறது, பொம்மை லென்ஸுக்கு நேர் கீழிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கிறது என்றால் நிழல் 10 மி.மீ.; அரைக் கட்டம்கூட இல்லை. இடம் மிச்சம் என்று பலர் நாடும், மிக அருகிலிருந்தே பெரிய படம் காட்டும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ கருவியில் ஒளி ஓரத்திலிருந்து படுசாய்வாக வரும். லென்ஸ் பலகைக்கு 40 செ.மீ. மேலே, பொம்மை 80 செ.மீ. தள்ளி என்றால் நிழல் 65 மி.மீ. நீளும். இரண்டரைக் கட்டம் இருளில் மூழ்கும். கதவு எங்கே, குழி எங்கே என்று தெரியாது. சுவரில் சினிமா பார்க்க அருமையான கருவி, பொம்மை ஆட்டத்துக்கு ஆகாது. புளியங்கொட்டை, சோழி போன்ற தட்டையான காய்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூன்று புலி, பதினைந்து ஆட்டோடு ஆடும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளையோ தாயக்கட்டத்தையோ காட்டி ஆட எந்தக் கருவியும் போதும்.

கறுப்பை வீச முடியாது

புரொஜெக்டரால் ஒளியைக் கூட்டத்தான் முடியும். வரைபடத்தின் கறுப்பு என்பது அறையின் வெளிச்சத்தில் பலகை எப்படித் தெரிகிறதோ அதுதான். லூமெனைச் சதுர மீட்டரால் வகுத்தால் லக்ஸ். நமது படம் 0.81 சதுர மீட்டர்; 2,000 ஆன்ஸி லூமென் (அமெரிக்கத் தர அமைப்பான ஆன்ஸியின் முறைப்படி அளந்த லூமென்) கருவி சுமார் 2,470 லக்ஸ் தரும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பகலில் 2,000 லக்ஸ் இருந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். படம் வெளுத்துப்போகும். இரவில் சுவரோரம் ஒரு விளக்கு மட்டும் எரிந்து பலகையில் 100 லக்ஸ் விழுந்தால் அதே கருவி 25 மடங்கு தரும். 300 ஆன்ஸி லூமென் சிறு கருவியோ அப்போதும் 5 மடங்கைத் தொடாது. 'ஆன்ஸி' என்ற சொல் இல்லாமல் ஆயிரக்கணக்கில் லூமென் போட்டு விற்கும் பெட்டிகளை நம்ப வேண்டாம்.

முற்றத்து வெயில் இறங்கிய பிறகு ஆட்டத்தைத் தொடங்குங்கள். இருண்ட குகை வரைபடங்களை அப்படியே காட்டாமல் சற்று வெளுக்கவைத்து, சுவர்க் கோடுகளை மூன்று பிக்சலாவது தடிக்க வைத்தால் நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் ஈசல் வெளிச்சத்தைத் தேடி வரும்; முற்றத்தை விட்டு உள்ளறைக்குப் போவது நலம்.

எந்தப் பரப்பில் விழவைப்பது? ஆத்தங்குடித் தரையைப் பார்த்தால் அதன்மேலேயே ஆடலாம் என்று ஆசை வரும். அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால் வழவழப்பான மேல்முகம் வருகிறது. புரொஜெக்டரின் ஒளி அதில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். சிவப்புப் பூ உள்ள இடத்தில் வரைபடத்தின் பச்சை கறுத்துவிடும். பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரிலும் இதே மினுக்கம் வரும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டு அடித்தால் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி தெரியும். அவசரத்துக்கு வேட்டியை இரட்டையாக மடித்துப் பலகையில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டலாம்.

டிவியைப் படுக்கவைத்தால்

நிழலும் கூரைச் சிக்கலும் வேண்டாமென்றால் 43 அங்குல எல்சிடி டிவி. அதன் அகலம் 37 அங்குலத்துக்கு மேல், உயரம் 21. நமது வீட்டு வரைபடம் அடங்கும். முழு எச்டியில் அங்குலத்துக்கு 51 பிக்சல், 4கேயில் 102. பலகையைச் சுற்றி இருப்பவர்கள் சாய்வாகத்தான் பார்ப்பார்கள் என்பதால் ஐபிஎஸ் வகைத் திரையே வேண்டும். விஏ வகை சாய்ந்து பார்த்தால் வெளுக்கும். படுத்த திரை கூரையைப் பிரதிபலிக்கும். கறுத்த தேக்குக் கூரைக்குக் கீழே இது தொந்தரவே தராது. முற்றத்து வானம் திரையில் தெரிந்தால் எதுவும் புலப்படாது.

டிவி நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்த பொருள். சுவரில் மாட்டும் நான்கு திருகுத் துளைகளில் சட்டத்தைத் தாங்கவிட்டு, வெப்பம் வெளியேறப் பின்னால் 5 செ.மீ. இடைவெளியாவது விடுங்கள். மேலே போடும் 4 மி.மீ. அக்ரிலிக் தகடு திரையைத் தொட்டு அழுத்தினால் அந்த இடம் கறை படிந்ததுபோலத் தெரியும். தொடாமல் 5 மி.மீ. தூக்கினாலோ இன்னொரு சிக்கல்: 55 டிகிரிச் சாய்வில் பார்ப்பவருக்குப் பொம்மையும் அதன் கட்டமும் சுமார் 10 மி.மீ. விலகித் தெரியும். எதிரே இருப்பவருக்கு அது எதிர்ப்பக்கம் விலகும். பொம்மை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வாக்குவாதம் வருவது இதனால்தான். இடைவெளியை 2 மி.மீ.க்குக் குறைத்தால் விலகல் ஏறக்குறைய பாதியாகும்.

மறைப்பும் இரண்டு திரையும்

வீரர்கள் இன்னும் போகாத அறைகளை மறைத்துவைக்க ஆட்ட மென்பொருளில் மூடுபனி என்ற அடுக்கு உண்டு. பொம்மை நிற்கும் புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் கோடு நீட்டி, சுவரில் முட்டும் இடம்வரை மட்டும் திறந்து காட்டும். நமது செட்டிநாட்டு வரைபடத்தில் இதைப் பார்ப்பது சுவையானது. தலைவாசலில் நிற்கும் வீரனுக்குக் கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் கொல்லைவாசல் வரை ஒரு கீற்றாகத் திறந்துகொள்ளும். வளவைச் சுற்றிய அறைகள் இருட்டிலேயே இருக்கும். வழிப்பறிக்காரனை ஒளித்துவைக்க நினைப்பவர் கதவு ஒவ்வொன்றையும் மூடியதாகக் குறிக்க வேண்டும், அல்லது அவனைப் பக்க அறையில் வைக்க வேண்டும்.

மடிக்கணினியில் திரை அமைப்பை 'எக்ஸ்டெண்ட்' என்று வைத்தால்தான் ஆட்டத்தை நடத்துபவருக்கு முழு வரைபடமும் ஆடுபவர்களுக்கு மறைத்த வரைபடமும் தனித்தனியே தெரியும். 'டூப்ளிகேட்டில்' விட்டால் ரகசியம் எல்லாம் பலகையில் விழுந்துவிடும். எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். நீளம் கூடினால் படம் விட்டுவிட்டு வரும். கேபிளைச் சட்டத்தின் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் நடப்பவர் கால் இடறாது, அளந்து வைத்த கட்டமும் நகராது.