டர்போ போன பிறகு வண்டியை ஓட்டலாமா?

டீசல் கார்க்காரர்களிடமிருந்து வழியிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சாலும் பிக்கப் இல்ல. டர்போ போச்சு போல. மெதுவா ஓட்டிக்கிட்டே வந்துடவா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. புகை என்ன நிறம்?

டர்போவின் வேலை, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் அனுப்புவது. ஒரே தண்டு, இரண்டு முனையிலும் சின்னச் சின்ன விசிறிச் சக்கரங்கள். ஒன்றை என்ஜின் வெளியே தள்ளும் புகை சுழற்றும். மற்றது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்டர்கூலர் வழியாக ஆறவைத்து உள்ளே அனுப்பும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் வராமல் போனால் சில விநாடிகளிலேயே தேய்மானம் தொடங்கிவிடும்.

சூப்பர்சார்ஜருக்கும் இதே வேலைதான். ஆனால் அதைச் சுழற்றுவது புகை அல்ல, என்ஜினிலிருந்து வரும் பெல்ட். பழைய மெர்சிடிஸ் பெட்ரோல் கார் சிலவற்றில் பார்க்கலாம். பெல்ட் அறுந்தால் இழுவை குறையும், அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பெல்ட்டில் வாட்டர் பம்பும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் ஓடுகிற வண்டியாக இருந்தால், பேட்டரி லைட் எரியும், சூடு ஏறும். உடனே நிறுத்த வேண்டும்.

சரி, புகைக்கு வருவோம். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. பல நேரம் டர்போவே நன்றாக இருக்கும். இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும், இல்லை கிளாம்ப் கழன்றிருக்கும். மிதிக்கும்போது 'புஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கும். ஹோஸைச் சும்மா பார்த்தால் விரிசல் தெரியாது. கையால் வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும், அந்த இடத்தில் ஆயில் கசிந்த கறையும் இருக்கும். ஹோஸை மாற்றினால் முடிகிற வேலைக்கு முழு டர்போவையும் மாற்றிவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கறுப்புப் புகை மட்டும் வந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்து, சிவப்பு லைட் எதுவும் எரியவில்லை என்றால், பக்கத்து வொர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டலாம். யாரையும் முந்தாதீர்கள். மலைப்பாதையில் முதல், இரண்டாவது கியரிலேயே ஏறுங்கள். என்ஜின் ஓடும்வரை பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆனால் பிஎஸ்6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியை இப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் புகை வடிகட்டி கரியால் அடைத்துக்கொள்ளும். அது தனிச் செலவு.

நீலமோ, நீலம் கலந்த வெள்ளையோ வந்தால் கதையே வேறு. டர்போ சீல் போய், ஆயில் என்ஜினுக்குள் எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே சைரன் போல ஊளைச் சத்தமோ, உலோகம் உரசும் சத்தமோ கேட்டால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் ஆகிறதா என்று மறுபடி சாவியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது.

காரணம், டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓட ஆரம்பிக்கலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் தானாக ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியில், நின்ற இடத்திலேயே பிரேக்கை இறுக்கி மிதித்து, டாப் கியர் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள், என்ஜின் திணறி அணையும். முன்னால் ஆளோ வண்டியோ இருக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி கிடையாது. எல்லாரையும் இறக்கிவிட்டுத் தூரமாகப் போய்விடுங்கள். பானட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள். அந்த உறிஞ்சலில் கை மாட்டிக்கொள்ளும்.

புது டர்போ போடுவதற்கு முன், பழையது ஏன் செத்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆயிலைக் காலம் கடந்து மாற்றிய வண்டிகளில், டர்போவுக்கு ஆயில் வரும் குழாயைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரிக் கரி படிந்திருக்கும். அந்தக் குழாயையும் அதன் வடிகட்டியையும் மாற்றாமல் மாட்டினால் புது டர்போவும் பட்டினி கிடந்தே போகும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் வடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே அதை என்ஜின் உறிஞ்சிவிடும்.