ஆடு தின்னாத இலையும் சிறுநீரில் வந்த ரத்தமும்

தொண்டிக்குத் தெற்கேயுள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து வந்த, அறுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர், ஆறு மாதமாக அவ்வப்போது சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவதாகவும், வலி ஏதும் இல்லாததால் கடல் வெயிலின் சூடு என்று எண்ணி இளநீரும் சீரகத் தண்ணீரும் குடித்துவந்ததாகவும் சொன்னார். நாள் முழுக்க வெயிலில் நின்று, குடத்தில் கொண்டுபோன தண்ணீரை எண்ணி எண்ணிக் குடிக்கும் தொழிலில் சிறுநீரகக் கல் சாதாரணம் என்பதால், இந்தப் பக்கம் செம்மூத்திரம் என்றாலே சூடு அல்லது கல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கேனில் கல் இல்லை. இடது சிறுநீரகம் மட்டும் வீங்கியிருந்தது. சி.டி. ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் உட்சுவரில் கட்டி தெரிந்தது.

சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிறுநீர்ப்பையில்தான் வரும். அதற்கு மேலே உள்ள குழாயிலோ சிறுநீரகத்தின் உட்புனலிலோ வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். இந்த அரிய வகையைக் கண்டால், புகைப்பழக்கத்தைக் கேட்டதோடு நிறுத்தாமல், என்னென்ன நாட்டு மருந்து சாப்பிட்டீர்கள் என்றும் நான் கேட்பேன். அவருடைய மனைவி மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சாம்பல் பூத்த பச்சையில், இதய வடிவத்தில், ஓரம் நெளிந்த காய்ந்த இலைகள். ஆடுதின்னாப்பாளை. கரிசல் காட்டில் தானாக முளைக்கும் இந்தச் செடியை, கண்டதையெல்லாம் மேயும் நம் ஊர் ஆடுகள்கூடத் தொடுவதில்லை.

இந்தச் செடியிலும், விஷக்கடிக்குக் கொடுக்கப்படும் ஈசுரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வதோடு, உட்சுவர்ச் செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு தனக்கே உரிய தடயத்தையும் விட்டுவிடுகிறது. டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய பால்கன் கிராமங்களில், கோதுமை வயலில் களையாக வளர்ந்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்து, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைச் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ளாக்கியது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒலி ஒத்த பெயருடைய வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களில் 39 பேரின் செயலிழந்த சிறுநீரகங்களையும் குழாய்களையும் அகற்றிச் சோதித்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்ததாக 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது.

நீண்டகாலப் போக்கைக் காட்டுவது தைவான். உலகின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இந்தப் புற்றுநோய் அங்கே காணப்படுகிறது. 1997க்கும் 2003க்கும் இடையில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த அமிலம் கொண்ட மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது. 2003இல் தடை வந்தது. ஆனால் குடித்ததற்கும் கட்டி தோன்றுவதற்கும் இடையில் பல ஆண்டுகள், சிலருக்குப் பல பத்தாண்டுகள்கூட ஓடிவிடுவதால், தடைக்குப் பிறகும் நோயாளிகள் வந்துகொண்டிருப்பார்கள்.

இந்த மீனவர் நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். ஆகவே இலைதான் காரணம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று. என் கவலை பெயர்க் குழப்பம். இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடை வேறு, ஆடுதொடாப்பாளை என்றும் அழைக்கப்படும் இந்தச் செடி வேறு. ஆனால் பெயரை மட்டும் சொல்லிப் பறித்துவரச் சொன்னால் பேரன் எதைப் பறித்து வருவான்? வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போய்த் தானாக நின்றுவிட்டாலும், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் கட்டாயம் எடுக்க வேண்டும். வரும்போது வீட்டிலுள்ள பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள். பெயரைவிட இலை எனக்கு உதவும்.

அவருடைய இடது சிறுநீரகமும் குழாயும் அகற்றப்பட்டுவிட்டன. இந்த வகைப் புற்றுநோய் பின்னர் சிறுநீர்ப்பையிலும் தலைகாட்டக்கூடும் என்பதால், கேமரா விட்டுப் பார்ப்பதற்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்.