மானிட்டரை மாற்றினால் கேம் வேகமாக ஓடாது

கேம் திக்குகிறது என்றவுடன் மானிட்டரை மாற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கிற எனக்கு இது இப்போது வாடிக்கையாகிவிட்டது. புது மானிட்டர் வாங்கியாகிவிடும், தவணையும் தொடங்கியிருக்கும். அதன் பிறகுதான் அதே பழைய கம்ப்யூட்டரையும் அதே பழைய புகாரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரும்பாலும் அந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் அப்பாவோடு வந்தார். "அண்ணா, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் போட்டும் வேலரண்ட் அப்படியேதான் திக்குது. கார்டையும் மாத்திரணுமா?" கார்டு என்றதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஐ5 12400எஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. வேலரண்டுக்கு இது தாராளம். கேமைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டோம். முதல் பத்து நிமிடம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ப்ராசஸரின் சூடு 100 டிகிரியைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.5 பக்கம் இறங்கியது. திக்கலும் அங்கேதான் தொடங்கியது.

கேபினட்டைத் திறந்தால், ப்ராசஸரோடு வந்த கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டில் பூட்டவே இல்லை. கூலர் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நின்றது. அந்த மூலையில் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் பரவாமல் வெள்ளைத் திட்டாகக் காய்ந்திருந்தது. கூலரின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளித் துணி போல அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து, நாலு கால்களையும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டினோம். அதோடு திக்கல் நின்றது. பேஸ்ட்டின் விலை சில நூறு ரூபாய். அந்தப் புது மானிட்டரோ அதுவரை விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 180-க்கு மாற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தத் தவறான நம்பிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் 144 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 144 படங்கள், வரும் என்று நினைக்கிறார்கள். வராது. படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசஸர். மானிட்டர் ஒரு படத்தைக்கூடத் தானாக உருவாக்காது, வந்ததைக் காட்டும், அவ்வளவுதான். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் அதிகபட்சம் எத்தனை முறை புதுப் படத்தைக் காட்ட முடியும் என்ற அளவு. குழாயில் நூலாகத் தண்ணீர் வரும்போது பெரிய குடத்தை வைப்பதால் என்ன ஆகும்? கார்டு நொடிக்கு 55 படங்கள்தான் வரைகிறது என்றால், 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் அந்த 55 படங்களையே திரும்பத் திரும்பக் காட்டும்.

"என் ஃப்ரெண்ட் மாத்தினான், அவனுக்கு வழுவழுன்னு ஓடுதே" என்பார்கள். ஓடும், தம்பி. அவருடைய கார்டு ஏற்கெனவே 150 படங்கள் வரைந்துகொண்டிருந்தது. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் அவற்றில் பெரும்பகுதியைக் காட்ட முடியாமல் இருந்தது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிசெகண்ட், 144-ல் 6.9. இந்த வித்தியாசத்தைக் கண்ணும் கையும் நன்றாகவே உணரும். ஆனால் அந்த இடைவெளிக்குள் புதுப் படம் ஒன்று தயாராக வந்து நிற்க வேண்டும். வந்தால் மானிட்டருக்குக் கொடுத்த காசு பலன் தரும், வராவிட்டால் தராது.

பல நேரம் நிலைமை மோசமாகவும் ஆகிறது. புதிதாக வாங்குவதுதானே என்று கூடவே ரெசல்யூஷனையும் ஏற்றிவிடுகிறார்கள். 1080பி-யில் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல்கள், அதாவது படத்தின் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சம், அதாவது 1080பி-யைப் போல நாலு மடங்கு. 1080பி-யில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கார்டு இத்தனையையும் எப்படி வரையும்? புது மானிட்டர் போட்ட பிறகு கேம் இன்னும் மெதுவாகிவிட்டது என்று புகாரோடு வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

சரி, கேம் திக்கினால் முதலில் என்ன செய்வது? அளந்து பாருங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற அளக்கும் மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம்தான், எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டின் பயன்பாடு, சூடு, எஃப்பிஎஸ் எல்லாம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்பிஎஸ்-ஐ எங்கும் கட்டுப்படுத்தாமல், வி-சிங்கை (எஃப்பிஎஸ்-ஐ மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) அணைத்துவிட்டு விளையாடும்போது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் அது தன்னால் முடிந்தவரை உழைக்கிறது என்று அர்த்தம். கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்தால் பலன் தெரியும். 60 சதவீதத்திலேயே நின்றுகொண்டு எஃப்பிஎஸ்-உம் ஏறவில்லை என்றால் குறை ப்ராசஸர், ரேம் பக்கம். இன்னும் உறுதியாகத் தெரிய ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை. ஏறாவிட்டால் கார்டை மாற்றுவதும் வீண் செலவு.

ப்ராசஸர் என்றதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டி, "30 சதவீதம்தானே ஓடுது, நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசைகள், உள்ள ப்ராசஸரில் ஒரு திரெட் முழுதாக மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் மாதிரிதான் தெரியும். கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு திரெட்டுகளில்தான் நடக்கிறது. வேலரண்ட், சிஎஸ்2 மாதிரியான கேம்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

சராசரி எஃப்பிஎஸ்-ஐ மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 120 என்று திரையில் எழுதியிருக்கும், நடுவில் ஒரே ஒரு படம் 80 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். நீங்கள் உணர்கிற திக்கல் அதுதான். ரிவாட்யூனரில் ஒவ்வொரு படமும் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஃப்ரேம்டைம் வரைபடம் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். கோடு நேராகப் போனால் நல்லது, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றால் அங்கே தேட வேண்டும். புது டிரைவரோ கேம் அப்டேட்டோ போட்ட பிறகு முதல் ஓரிரு ஆட்டங்களில் அப்படி வருவது உண்டு, ஷேடர்கள் (படம் வரையக் கார்டுக்கான சின்னச் சின்ன நிரல்கள்) தயாராகி முடிந்ததும் அடங்கிவிடும். அதற்காக விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டாம்.

நெட் கோளாறையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். மவுஸைத் திருப்பும்போது உங்கள் பார்வை சீராகத் திரும்புகிறது, எதிரி மட்டும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறான் என்றால் அது இணைப்பின் பிரச்சினை. கம்ப்யூட்டரில் எதை மாற்றியும் தீராது. வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

காசே செலவில்லாமல் தீரும் குறைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். ப்ராசஸருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருந்தால் படமும் வந்துவிடும், கேம் அதிலேயே ஓடவும் கூடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் எட்டிப் பாருங்கள், கேபிள் கீழே படுக்கைவசமாக இருக்கும் துளைகளில் இருக்க வேண்டும். அடுத்து ரேம். 3200 என்று எழுதியதை வாங்கிப் போட்டுவிட்டு பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை இயக்காமல் விட்டால் பல ரேம்கள் 2133-லோ 2666-லோதான் ஓடும். புதிய தலைமுறை டிடிஆர்5 ரேமுக்கும் இதே கதைதான், ஏஎம்டி போர்டில் அதன் பெயர் எக்ஸ்போ என்று இருக்கும். ஒரே ரேம் குச்சியைப் போடுவதைவிட இரண்டாகப் போடுவது நல்லது. நாலு துளை உள்ள போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம்.

கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற சக தொழிலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எக்ஸ்எம்பி-யையும் ஹெர்ட்ஸையும் சரியாக வைத்துவிட்டு, ஒரு கேமைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். வாடிக்கையாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சூட்டைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், மேஜையின் மூடிய அலமாரிக்குள் கேபினட்டைத் திணித்து வைத்தால் எந்தக் கார்டும் தாங்காது. வெளியே எடுத்து வையுங்கள், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை பவரை அணைத்துவிட்டு புளோவரால் தூசியை ஊதுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், புளோவர் காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெடும். லேப்டாப்பைக் கட்டில் மெத்தையில் வைத்து விளையாடவே விளையாடாதீர்கள். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் விளையாடினால் கேம் மெதுவாகத்தான் ஓடும், அது பழுது இல்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். எஃப்பிஎஸ் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று யூடியூபில் காட்டுகிற எதையும் இறக்காதீர்கள். கிராக் செய்த கேமைப் போட, ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். பின்னணியில் உங்கள் கார்டை வைத்து யாரோ கிரிப்டோ காசு ஈட்டும் மைனர் ஓடும் மெஷின்கள் வருகின்றன. கேமை மூடிய பிறகும் கார்டின் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். போகிறது வேகம் மட்டுமல்ல, அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் பேங்க் கணக்கும் திறக்கிறது.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, கார்டும் நல்ல எஃப்பிஎஸ் தருகிறது என்றால், அப்புறம் தாராளமாக மானிட்டர் வாங்குங்கள். நீங்கள் அதிகம் விளையாடுகிற கேமில் உங்கள் கார்டு எத்தனை படம் தருகிறதோ அதையொட்டி ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். 24 இன்ச்சுக்கு 1080பி போதும். 27 இன்ச்சில் 1080பி வாங்காதீர்கள், இன்ச்சுக்கு 82 பிக்ஸல்தான் வரும், எழுத்துகள் பிசிறடிக்கும். 27 என்றால் 1440பி, அதை ஓட்டக் கார்டுக்குத் தெம்பு இருந்தால் மட்டும்.

பிக்ஸல் நிறம் மாறும் நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கும் 1 மில்லிசெகண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதை எப்படி அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிக்ஸலை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால்தான் பல மானிட்டர்களில் அந்த எண் வரும், அப்படி வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் ஓடும். நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். விஏ என்ற பேனல் வகையில் கறுப்பு நன்றாக ஆழமாக இருக்கும், ஆனால் விலை குறைந்தவற்றில் இருட்டுக் காட்சிகள் நகரும்போது கரியாக இழுபடும். வேகமான சுடும் கேம் ஆடுகிறவர்களுக்கு ஐபிஎஸ் பேனல்தான் என் பரிந்துரை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகக் காட்டும் என்று சொல்கிற எச்டிஆர் 400 முத்திரைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், அந்தத் தரத்துக்குப் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயமே இல்லை. ஓஎல்இடி பேனல் அற்புதமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க எக்செல்லும் டாஸ்க்பாரும் அசையாமல் நிற்கும் திரைக்கு அது வேண்டாம், தடம் பதிந்துவிடும்.

விட்டுவிடக் கூடாத வசதி ஒன்று உண்டு, ஏஎம்டி-யின் ஃப்ரீசிங். கார்டு படம் தரும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், எஃப்பிஎஸ் ஏறி இறங்கினாலும் படம் நடுவில் வெட்டுப்பட்டுக் கிழியாது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளிலும் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோ அதற்குப் பிந்தைய கார்டோ வேண்டும், பெரும்பாலும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளும் வேண்டும். மானிட்டர் மெனு, கார்டின் டிரைவர் இரண்டிலும் இதை இயக்க வேண்டும், ஒன்றில் மட்டும் செய்தால் போதாது. பழைய எச்டிஎம்ஐ கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு பெட்டியில் வரும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளையே செருகுங்கள். மாட்டியதும் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை முழு அளவுக்கு மாற்றுங்கள். செத்த பிக்ஸல் இருக்கிறதா என்று முதல் நாளே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் எனத் திரை முழுக்க நிறம் போட்டுப் பாருங்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை மானிட்டரோ கார்டோ கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு, ப்ராசஸரின் சூடு, எஃப்பிஎஸ் மூன்றும் தெரிகிற மாதிரி அரைமணி நேரத்துக்குப் பிறகு செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தோடு எந்த நல்ல சர்வீஸ்காரரிடம் போனாலும் எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடுவார்.