வண்டியிலேயே வேலை என்றால் கழிப்பறைக்கு யார் பொறுப்பு? பிரிட்டன் சட்டம் சொல்வது

பார்சல் ஓட்டுநர், வீடு வீடாகப் போகும் பராமரிப்புப் பணியாளர், தெருவைத் தோண்டிக் கேபிள் பதிப்பவர் ஆகியோருக்கு அலுவலகக் கட்டடம் கிடையாது. கழிப்பறையா, 'வழியில் பார்த்துக்கொள்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1974ஆம் ஆண்டின் பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் ஊழியர்களின் நல வசதிகளை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. சட்டப்படி தரவேண்டிய வசதிக்கு ஊழியரிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது அதன் 9ஆம் பிரிவு.

என்னென்ன வசதி என்பது 1992ஆம் ஆண்டின் பணியிட விதிகளில், 20 முதல் 25 வரை உள்ளது: கழிப்பறை, கைகழுவும் இடம், குடிநீர், உடை வைக்கவும் மாற்றவும் இடம், உட்கார்ந்து சாப்பிட இடம். நிலையான பணியிடத்தில் 5 பேர் வரை ஒரு கழிப்பறை, ஒரு வாஷ்பேசின். 6 முதல் 25 பேர் வரை இரண்டிரண்டு.

தற்காலிகப் பணியிடங்களுக்கு 'நியாயமாக இயன்ற அளவுக்கு' என்ற தளர்வு உண்டு. தகராறெல்லாம் இந்த மூன்று சொல்லில்தான். மேலாளர்கள் பலர் இதை 'முடியாவிட்டால் விட்டுவிடலாம்' என்று படித்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒரு வரிசை. தண்ணீர் பாயும் கழிப்பறையும் குழாய்நீரும் உள்ள கேபினை வைக்க இயலுமா என்று முதலில் பார்க்க வேண்டும். இயலாவிட்டால் கெமிக்கல் டாய்லெட், கேனில் தண்ணீர், சோப்பு, துண்டு. ஊர்ப் பொதுக் கழிப்பறை கடைசி வழி; செலவு மிச்சம் என்பதற்காக அதைக் கைகாட்டக் கூடாது. சானிட்டைசர் பாட்டில் ஒன்றை வண்டியில் போட்டுவிட்டால் கடமை தீராது. கிரீஸும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது.

ஓடும் வண்டி 1992 விதிகளுக்குள் வராது. ஆனால் அது சரக்கு இறக்கப் போகும் கிடங்கும் கடையும் வரும். அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்கள் வெளியாள் ஓட்டுநரையும் கழிப்பறைக்கு விட வேண்டும். 'ஸ்டாஃப் ஒன்லி' பலகை இதற்குச் சாக்காகாது.

முதலாளி செய்யக்கூடியது பெரிய வித்தை அல்ல. ரூட் போடும்போதே எந்த நிறுத்தத்தில் கழிப்பறை, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். இரவு ஷிப்ட் இங்கேதான் சறுக்குகிறது: பகலில் திறந்திருந்த இடம் எட்டு மணிக்குப் பூட்டிவிடும். அடுத்தது நேரம். இரண்டு டெலிவரிக்கு நடுவில் ஐந்து நிமிடம்கூட விடாத அட்டவணை இருந்தால், பட்டியலில் பத்துக் கழிப்பறை இருந்தும் பயனில்லை. ஆட்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று வர அதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நாட்களில் நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வேண்டும் என்பதும் மறந்துபோகிற ஒன்று.

கழிப்பறைக்கு விட மறுத்தால் தேதி, நேரம், முகவரி, மறுத்தவரின் பதவி ஆகியவற்றை அன்றே எழுதி, சொந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சரியாகவில்லையென்றால் கடை, கிடங்கு, அலுவலகம் பற்றிய புகார் உள்ளூர் கவுன்சிலுக்குப் போகும். தொழிற்சாலை, கட்டுமானத் தளம் பற்றியது பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹெச்எஸ்இக்கு. ஆபத்து என்று நியாயமாக நம்பி முறையிட்டதற்காக ஷிப்டைக் குறைப்பது போன்ற பழிவாங்கலுக்கு எதிராக 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 2021 மே 31 முதல் அந்தப் பிரிவின் ஒரு பகுதி சட்டப்படி 'ஊழியர்' என்ற தகுதி இல்லாத 'வொர்க்கர்' வகையினருக்கும் பொருந்தும்.