பனங்கட்டியும் பீமில் ஒட்டிய பசையும்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பல்கனி பீமில் வெடிப்பு, எஞ்சினியர் காபன் நார்ப் பட்டி ஒட்டச் சொல்கிறார், 'இரும்பை நம்பலாம், பசையை எப்படி ஐயா நம்புவது?' (வாஸ்து பார்ப்பவரைக் கூப்பிடாமல் எஞ்சினியரைக் கூப்பிட்டதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.)

பட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புத்தான், ஆனால் இழுத்தால் கம்பியைவிடப் பல மடங்கு தாங்கும், கறல் பிடிக்காது. சுவிற்சர்லாந்தில் லூசேர்னுக்குப் பக்கத்து ஈபாக் பாலத்தை 1991இலேயே இப்படி ஒட்டித் திருத்தினார்கள். ஆனால் பீமின் சுமை பட்டிக்குப் போக ஒரே வழி அந்த எப்பொக்சிப் பசை. கேள்வி அங்கேதான்.

பனங்கட்டியை நினைத்துப் பாருங்கள். கோடையில் ஓலைக் குட்டானைப் பிரித்துக் கடித்தால் பல்லுத்தான் போகும். மாரியில் அதே கட்டி விரலில் பிசுபிசுக்கும். அதை யாரும் சூடாக்கவில்லை, காற்றின் ஈரத்தைக் குடித்தது, அவ்வளவுதான். எப்பொக்சியிலும் இதே கூத்து. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை உறுதியான இரசாயன முடிச்சுகள் கட்டி வைத்திருக்கின்றன, அவற்றுக்கு நடுவே ஐதரசன் பிணைப்பு என்ற மெல்லிய கைகோர்ப்புகளும் உண்டு. உள்ளே நுழையும் தண்ணீர் மூலக்கூறு அந்தக் கைகளைப் பிரித்துத் தான் பிடித்துக்கொள்ளும், முடிச்சு அவிழாது, ஆனால் சங்கிலிகள் நெளிய இடம் கிடைத்துவிடும். சூடாக்காமல் வெளியில் வைத்து இறுகவிட்ட எப்பொக்சி பெரும்பாலும் 50, 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். ஊறிவிட்டால் அதற்கும் கீழேயே. நம்முடைய சித்திரை வெயிலை அதோடு சேர்த்துப் பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று. காய்ந்த நிலையில் பட்டியை வலிந்து பிய்த்தால் கொங்கிறீற்றின் தோலும் சேர்ந்து வரும், அது நல்ல சகுனம். நெடுங்காலம் நனைந்ததோ பசையோடு சுத்தமாக உரிந்து வரும்.

மற்றது கிறீப், அதாவது ஓயாத சுமையில் மெல்ல மெல்ல இழுபடுவது. 2006இல் பொஸ்டன் சுரங்கப்பாதையில் எப்பொக்சியால் பதித்த ஆணிகள் இப்படித்தான் கழன்று, கூரைப் பலகைகள் விழுந்து ஒரு பெண் இறந்தார். பீம் பட்டிக்கு அந்த அளவு ஆபத்தில்லை. பீமின் சொந்தப் பாரத்தைப் பழைய கம்பிகளே சுமக்கின்றன, ஒட்டிய பிறகு ஏறும் சுமையில்தான் பட்டிக்குப் பங்கு.

ஆய்வுகூடத்தில் பட்டி ஒட்டிய மாதிரித் துண்டுகளைச் சுடுதண்ணீரில் சில மாதம் ஊறவைத்துவிட்டுப் பல பத்தாண்டுகளைக் கணிக்கிறார்கள். காரைநகர்க் கடற்காற்றில் 20 வருடம் துண்டுகளைத் தொங்கவிட்டுப் பார்க்க யார் காசு தருவார்கள்? மூன்று வருடத்தில் அறிக்கை கேட்பவர்களிடம் இதைப் பேசவே முடியாது.

சரி, கொக்குவில்காரரே, ஒட்டுங்கள். ஆனால் வெடிப்புக்குள் கம்பி கறல் பிடித்திருந்தால் அதை முதலில் திருத்துங்கள், அப்புறம் பல்கனித் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒரு மழைக்கு நின்று பாருங்கள்.