கடலடியில் தேங்கிய தந்தி

அறிவியல் வழிகாட்டித்தான் தொழில்நுட்பம் வளர்ந்ததா, இல்லை பட்டறைக்காரர்கள் செய்து முடித்ததற்கு அறிவியல் பிறகு வந்து விளக்கம் சொன்னதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நீராவி எஞ்சினில் நடந்தது இரண்டாவதுதான். நியூகோமன் எஞ்சின் 1712-லேயே ஓடியது. வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ எழுதியது 1824-ல். தந்தியின் கதை வேறு.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் அட்லாண்டிக்கின் மறுகரையில், வட அமெரிக்காவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தையும் கடலடித் தந்திக் கேபிள் ஒன்று இணைத்தது. விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது!

காரணம் கேபிளின் அமைப்பிலேயே இருந்தது. நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே கடல்நீர். இரண்டு கடத்திகள், நடுவே ஒரு காப்பு: பள்ளியில் படித்த மின்தேக்கியேதான். காய்ந்த வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் போல, மின்சாரம் வழியெல்லாம் தேக்கியை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அனுப்புவதை நிறுத்தினாலும் தேங்கியது மெல்லத்தான் வடியும். 'டக்' என்று அனுப்பிய துடிப்பு மறுமுனையில் சோம்பலாக ஏறி இறங்கும். கம்பியின் நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும், நிரப்ப வேண்டிய மின்னூட்டமும் இரட்டிக்கும். ஆக, தாமதம் நான்கு மடங்கு. கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் இதை 1854-லேயே கணக்குப் போட்டுவிட்டார்.

கேபிள் போட்ட நிறுவனத்தின் மின் பொறுப்பாளர் வைட்ஹவுஸ் மருத்துவம் படித்தவர். தாம்சனின் விதி ஏட்டுக் கற்பனை என்பது அவர் கட்சி. சிக்னல் வரவில்லையா, சரி, இன்னும் பலமாகத் தள்ளு! சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்தார். ஏற்கெனவே பழுதாயிருந்த காப்பு தாங்குமா? சில வாரங்களில் கேபிள் செத்தது.

தாம்சன் யோசித்தது நேர் எதிராக. மின்னோட்டம் முழுதாக ஏறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஏறத் தொடங்கும்போதே கண்டுகொண்டால் போதுமே. அதற்கு அவர் செய்த கருவி இது: துளி போன்ற கண்ணாடி, அதன் முதுகில் குட்டிக் காந்தங்கள், பட்டு நூலில் தொங்கவிட்டுச் சுற்றிலும் கம்பிச் சுருள். சுருளில் சிக்னல் வந்தால் காந்தங்களோடு கண்ணாடியும் திரும்பும். விளக்கொளி கண்ணாடியில் பட்டு எதிரே உள்ள அளவுகோலில் புள்ளியாக விழும். கண்ணாடி இம்மியளவு திரும்பினாலும் புள்ளி நன்றாக நகரும். எடையே இல்லாத ஒளியை முள்ளாக்கிய இந்த யோசனையை நான் எத்தனை முறை நினைத்தாலும் சலிப்பதில்லை.

1866-ல் தடித்த செம்பும் தடித்த காப்புமாகப் புதுக் கேபிள் வந்தது. நிமிடத்துக்கு 8 சொற்கள் போயின.

1858-ல் அத்தனை பணத்தைக் கடலில் போட்ட பிறகுதான், ஒரு கம்பியின் மின்தடையை எல்லோரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்ற அக்கறை வலுத்தது. 1861-லேயே அதற்கொரு பொது அளவை வகுக்க பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் குழு அமைத்தது. தாம்சனும் அதில் இருந்தார். மின்தடையை அளக்கும் இன்றைய அலகான ஓம் அந்தக் குழுவின் வேலையிலிருந்து வந்ததுதான்.