ஒரு சொம்புத் தண்ணீர் போதும்

"தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிறோம் அம்மா. அதில் போய் இவனை விளையாட விடச் சொல்கிறீர்களே?" சத்துவாச்சாரியிலிருந்து இரண்டரை வயதுப் பேரனை அழைத்து வந்திருந்த பாட்டி இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் வீட்டில், குழந்தை தண்ணீரைத் தொட்டாலே மனம் பதறத்தான் செய்யும்.

வேலூரில் சிறு குழந்தைகளின் கை, கண், பேச்சு வளர்ச்சிக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர் நான். அன்று அந்தப் பாட்டிக்கு ஒரு சொம்பை எடுத்துக் காட்டினேன். இவ்வளவுதான் வேண்டும், விளையாடி முடித்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடலாம். "கால் கழுவ இதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது" என்றார் அவர்.

பெரிய தாம்பாளம் ஒன்று, அதில் இரண்டு டம்ளர்கள், அந்த ஒரு சொம்புத் தண்ணீர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொல்லிக்கூடக் காட்ட வேண்டாம், குழந்தையே தொடங்கிவிடும். மணிக்கட்டைத் திருப்பும் வேகம், டம்ளரின் விளிம்பைக் கண் தேடும் விதம், சிந்தியதும் அடுத்த முறை சற்று மெதுவாகச் சாய்ப்பது என ஒவ்வொன்றும் சோதனைதான். ஒரே காரியத்தை இருபது முறை செய்யும். "போதும், வேறு செய்யலாம்" என்று பெரியவர்கள் குறுக்கிடுவது அந்த இடத்தில்தான். தயவுசெய்து குறுக்கிடாதீர்கள். இருபதாவது முறையும் தண்ணீர் கீழ்நோக்கித்தான் விழுகிறதா என்று அந்தக் குழந்தை சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. டம்ளரை எடுத்துவிட்டு டீ வடிகட்டியைக் கொடுத்துப் பாருங்கள். அள்ளிய தண்ணீர் எங்கே போனது என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். அகலக் கிண்ணத்துத் தண்ணீரை ஒடுங்கிய உயர டம்ளரில் மாற்றினால், டம்ளரில்தான் அதிகம் என்று நான்கைந்து வயதுப் பிள்ளைகளும் சொல்வார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் இது தெளிவாகும். அதைத் தவறு என்று இரண்டு வயதில் திருத்துவதில் பயனில்லை.

அதற்குப் பதிலாகச் சொல் கொடுங்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளைகளுக்கு நான் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். மொள்கிறோம், ஊற்றுகிறோம், தெளிக்கிறோம், பிழிகிறோம். தண்ணீர் சொட்டுகிறது, ஒழுகுகிறது, ததும்புகிறது, வழிகிறது. நம் மொழியில் தண்ணீரின் ஒவ்வோர் அசைவுக்கும் தனி வினைச்சொல் இருக்கிறது. டம்ளர் வழியும் அதே நொடியில் "வழியுது பார்" என்று ஒருமுறை சொன்னால் போதும். அட்டையில் படம் காட்டி ஐம்பது முறை சொல்வதைவிட அது ஆழமாகப் பதிவதை என் பயிற்சி அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து மிதப்பதும் மூழ்குவதும். இலவம்பாடி முள் கத்தரிக்காய் வீட்டில் இருந்தால் முள்ளுள்ள காம்பை முழுதாக வெட்டிவிட்டு, ஓர் உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பேசினில் போடுங்கள். கத்தரிக்காயின் சதைக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது மிதக்கும். கிழங்கு அடியில் போய் உட்காரும். கைக்குப் பெரிதாகத் தெரிந்த கத்தரிக்காய் மேலே நிற்பதைக் கண்டு குழந்தை அதை அழுத்தும். அது மேலே எகிறும். அந்தச் சிரிப்பை நீங்களே கேளுங்கள். காலி எவர்சில்வர் கிண்ணம் மிதக்கும், தண்ணீர் நிரம்பியதும் மூழ்கும். இது இன்னும் பெரிய வியப்பு.

வேலூர் வெயிலும் ஓர் ஆசிரியர்தான். காலை எட்டு மணிக்கு வாசல் படியில் ஈரக் காலால் தடம் பதிக்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் மறையும். "எங்கே போச்சு?" என்று குழந்தை கேட்டால் "காற்றில் கலந்துவிட்டது" என்பது உண்மையான பதில். மண்பானையின் வெளிப்புறத்தைத் தொடச் சொல்லுங்கள். பானையிலிருந்து கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. அதன் விளக்கம் பள்ளியில் வரட்டும், விரலுக்கு இப்போதே தெரியட்டும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடக்கூடிய அளவுக்குச் சூடேறியிருக்கும். உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். சளி பிடிக்குமே என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று: சளி வைரஸால் வருவது. பத்து நிமிடம் கை நனைவதால் வருவதில்லை.

இப்போது நான் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆறும் கிணறும் மட்டும் காரணமல்ல, வீட்டு பக்கெட்டும் காரணம். இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தன்னைத் தூக்கிக்கொள்ள அதன் கையில் வலு இருக்காது. சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணீரும் சில நிமிடங்களுமே போதும்.

ஆகவே தட்டையான தாம்பாளமோ பேசினோ மட்டும். பக்கெட் வேண்டாம். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும்; அடுப்பில் பால் பொங்கினாலும் போன் அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் எழ வேண்டும். மூன்று வயதுக்குள் கோலிக்குண்டு, புளியங்கொட்டை, பட்டன் எதுவும் தண்ணீரில் வேண்டாம். அலங்காரத்துக்கு விற்கும், நீரில் ஊறிப் பருக்கும் வண்ண உருண்டைகள் வீட்டிலேயே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் பருத்து அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும்.

விளையாடி முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். சேமித்த தண்ணீர் டிரம்மை இறுக மூடி, குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தச்சரை இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.